வாத்துக்குஞ்சுக்குக் கோழிக் கணக்கு உதவாது

தோட்டப்புறத்தில் கோழி வளர்த்துப் பழகாத வீடு குறைவு. அதனால் வாத்தைப் பற்றி யாரிடம் கேட்டாலும் கோழியைப் பற்றிய பதிலே வந்து சேர்கிறது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பாகான் டத்தோ மாவட்டத்தின் ஊத்தான் மெலிந்தாங்கை அடுத்த ஒரு செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் குடியிருக்கும் நான், சென்ற ஆண்டு இறுதியில், கொல்லையில் இருந்த பழைய வாத்துகளோடு புதுக் குஞ்சுகளைச் சேர்க்க முற்பட்டபோது, தீவனக்கடை முதலாளியான தவுக்கே முதல் பக்கத்து வீட்டுப் பாட்டி வரை பலரும் நல்லெண்ணத்தோடு யோசனை சொன்னார்கள். அவற்றில் பாதிக்கு மேல் கோழிக்கு மட்டுமே பொருந்துபவை. எது பொருந்தும், எது பொருந்தாது என்று பிரித்துச் சொல்ல ஆளில்லாமல் நான் இழந்தது நான்கு குஞ்சுகளும் ஏறக்குறைய 450 ரிங்கிட்டும். கணவர் லாரி ஓட்டுநர்; வார இறுதியில்தான் வீட்டுக்கு வருவார். ஆகவே இரவு நேரத்துப் பதற்றமெல்லாம் என் ஒருத்தியின் தலையில்தான் விழுந்தது.

எங்களிடம் முன்பே இருந்தவை பழுப்பு நிற முட்டை வாத்துகள். பெட்டைகள் ஐந்தும் ஆண் ஒன்றுமாக ஒரு சிறு கூட்டம். பெட்டைகளுக்கு வயதாகி முட்டை குறைந்துகொண்டே வந்ததால், காலைச் சந்தைக்குக் கூடையில் கொண்டுவந்து விற்கும் ஒருவரிடம் குஞ்சு ஒன்று 6 ரிங்கிட் என்று ஒரு டசன் வாங்கினேன். எல்லாம் பொரிப்பானில் பொரித்தவை. பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, “ராத்திரி கூண்டுல விட்டுடும்மா, விடிஞ்சா எல்லாம் ஒண்ணாயிடும்” என்றார். அந்த அறிவுரை பொய்யன்று. அடைகாத்துக்கொண்டிருக்கும் தாய் ஒன்று இருந்து, பிறந்து ஓரிரு நாளே ஆன குஞ்சுகளை இருட்டில் அதன் இறக்கைக்கு அடியில் நழுவவிட்டால் அது பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். கோழியில் பாட்டி பலமுறை அப்படிச் செய்தவர். ஆனால் முட்டைக்கென்றே வளர்க்கப்படும் வாத்து இனங்கள் அடைகாப்பதை ஏறக்குறைய மறந்துவிட்டவை. செராத்தி எனப்படும் மஸ்கோவி வாத்து நன்றாக அடைகாக்கும். அப்படி ஒன்று வீட்டில் இருந்து, சரியான நேரத்தில் அடையிலும் இருந்தால் இரவில் விடுவதைப் பற்றி யோசிக்கலாம். அடையில் இல்லாத பெட்டைகளுக்கும் ஓர் ஆண் வாத்துக்கும் நடுவே குஞ்சுகளை விடுவது கொலைக்கு ஒப்படைப்பதாகும். எனவே குஞ்சுகளைப் பின்கட்டுத் திண்ணையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் தனியே வைத்தேன்.

தனியே வைப்பதில் இன்னொரு நியாயமும் உண்டு. சந்தையிலிருந்து வரும் குஞ்சு எந்த நோயைச் சுமந்து வருகிறது என்பது பார்வைக்குத் தெரியாது. அதேபோல, பழைய வாத்துகள் தம் உடம்பில் ஒரு தொந்தரவும் காட்டாமல் குஞ்சுகளைக் கொல்லும் கிருமியை வைத்திருக்கவும் கூடும். வாத்துகளுக்கு வரும் ஈரல் அழற்சி வைரஸ் ஆறு வாரத்துக்கு உட்பட்ட குஞ்சுகளைத்தான் வாரிக்கொண்டு போகிறது; வளர்ந்தவை அசைவதில்லை. வாத்துக் கொள்ளைநோயோ வயது பார்ப்பதில்லை. ஆகையால் முதல் மூன்று நான்கு வாரங்களுக்கு இரு தரப்புக்கும் தண்ணீர்ப் பாத்திரம், தீவனத் தட்டு, நீங்கள் உள்ளே போகும் செருப்பு ஆகிய மூன்றும் தனித்தனியாக இருக்கட்டும். பழைய வாத்துகள் நீந்தும் வடிகால் தண்ணீரைக் குஞ்சுகளின் பக்கம் கொண்டுவரவே வேண்டாம்.

சூடு கொடுப்பதில் நம் ஊரில் வேறுவிதமான சிக்கல். முதல் வாரம் 32 பாகை அளவில் வைத்து, வாரத்துக்கு மூன்று பாகை வீதம் குறைத்துக்கொண்டு வர வேண்டும் என்பது பொதுக் கணக்கு. நம் பகல் வெயிலே அந்த அளவைத் தொட்டுவிடும்; பகலிலும் விளக்கைப் போட்டால் குஞ்சுகள் அலகைத் திறந்துகொண்டு மூச்சிரைக்கும். விடியற்காலையிலும் மழை இறங்கிய மாலையிலும்தான் சூடு உண்மையில் தேவை. அதற்கு விளக்கு வாங்கப் போனால் வன்பொருள் கடைகளில் இப்போது எல்இடி பல்பு மட்டுமே அடுக்கி வைத்திருக்கிறார்கள். அது வெளிச்சம் தருமே தவிர, குஞ்சுக்குப் போதுமான சூட்டைத் தராது. கடைசியில் செல்லப்பிராணிக் கடையில், ஆமைக்கும் ஓணானுக்கும் விற்கும் பீங்கான் வெப்ப விளக்கு கிடைத்தது. அதன் தாங்கியோடு சேர்த்து 60 ரிங்கிட்டுக்கு மேல் ஆயிற்று. வெப்பமானி இல்லாவிட்டாலும் பாதகமில்லை. விளக்கின் கீழே ஒன்றின்மேல் ஒன்று ஏறி நெருக்கினால் குளிர். மூலைகளுக்கு ஒதுங்கினால் சூடு. தாறுமாறாகச் சிதறிப் படுத்துறங்கினால் சரியான அளவு.

முதல் இழப்பு தண்ணீரால் நேர்ந்தது. வாத்து என்றால் தண்ணீர்ப் பறவைதானே, நனைந்தால் என்ன என்று யாருக்கும் தோன்றும். வாத்தின் வால் அடியில் எண்ணெய்ச் சுரப்பி ஒன்று இருக்கிறது. வளர்ந்த வாத்து அதை அலகால் தொட்டு இறகெங்கும் தடவிக்கொள்வதால்தான் அதன்மேல் தண்ணீர் ஒட்டுவதில்லை. குஞ்சுக்கு அந்தச் சுரப்பி சரியாக வேலை செய்யப் பல வாரங்கள் ஆகும். தாயோடு திரியும் குஞ்சுக்குத் தாயின் இறகில் உரசும்போது அந்த எண்ணெய் கொஞ்சம் கிடைத்துவிடுகிறது. பொரிப்பானில் பிறந்ததற்கு அதுவும் இல்லை. ஒரு மாலை, காற்றோடு வந்த மழையில் திண்ணையின் தார்ப்பாய் கிழிந்து, தொட்டியில் தண்ணீர் தேங்கிவிட்டது. வேலையிலிருந்து நான் திரும்பியபோது இரண்டு குஞ்சுகள் விறைத்துப் போயிருந்தன. மற்றவை மெழுகில் தோய்த்ததுபோல் தூவி ஒட்டி, நடுங்கிக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது, உலர்ந்த துண்டால் ஒற்றியெடுத்து, விளக்கின் கீழ் மெல்ல மெல்லச் சூடேற்றுவதுதான். நடக்கத் தொடங்கிய பிறகே குடிக்கத் தண்ணீர் கொடுக்க வேண்டும். அன்றிரவு நான் தூங்கவில்லை. ஆனால் மீதமிருந்த பத்தும் பிழைத்துக்கொண்டன.

அதற்காகத் தண்ணீரை அடியோடு குறைத்துவிடவும் முடியாது. குஞ்சு தன் மூக்குத் துளையும் கண்ணும் கழுவும் அளவுக்குத் தலையை முக்க வேண்டும்; தீவனத்தோடு கூடவே தண்ணீர் இல்லாவிட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நான் செய்த ஏற்பாடு செலவில்லாதது: ஐந்து கிலோ சமையல் எண்ணெய்ப் போத்தலை நன்றாகக் கழுவி, பக்கவாட்டில் குஞ்சின் தலை மட்டும் நுழையும் அளவுக்கு வட்டமாகத் துளைகள் வெட்டி, விளிம்பைச் சுட்டு மழுங்கடித்து, பாதி வரை தண்ணீர் நிரப்பி வைத்தேன். தலை உள்ளே போகும், உடம்பு போகாது. போத்தலைக் கம்பிவலை போர்த்திய ஒரு தட்டின்மேல் வைத்தால் சிந்துவது கீழே இறங்கிவிடும், படுக்கையும் ஓரளவு உலர்ந்திருக்கும். ஈரமான மரத்தூளில் பூசணம் பிடித்தால் குஞ்சின் நுரையீரலைத் தாக்கும் என்பதால் படுக்கையை அடிக்கடி மாற்றத்தான் வேண்டும். வாத்துக்குஞ்சு வளர்ப்பில் பாதி உழைப்பு இந்த ஈரத்தோடுதான்.

தீவனத்துக்கு வருகிறேன். கடையில் இருந்தது டெடாக் எனப்படும் கோழிக்குஞ்சுத் தீவனம் மட்டுமே. தவுக்கே, “ஆயாம், இத்தேக், சாமா சாஜா” (கோழி, வாத்து, எல்லாம் ஒன்றுதான்) என்று மூட்டையைத் தூக்கிக் கொடுத்தார். மூன்றாவது வாரம் ஒரு குஞ்சு குதிகாலில் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்வதைக் கண்டேன். பிறகு இன்னொன்றுக்கும் மூட்டு வீங்கி, கால் வில்லைப்போல் வளைந்தது. காரணம் நியாசின் என்னும் பி3 வைட்டமின் குறைவு. இறைச்சிக் கோழிக்குஞ்சுக்கு ஒரு கிலோ தீவனத்தில் 35 மில்லிகிராம் போதும் என்றால் வாத்துக்குஞ்சுக்கு 55 மில்லிகிராம் வேண்டும். கோழியைப் போலப் புரதத்திலிருந்து இந்த வைட்டமினைத் தானே போதிய அளவு செய்துகொள்ளும் திறன் வாத்துக்குக் குறைவு. சத்துணவுக் கடைகளில் தூளாக விற்கும் புரூவர்ஸ் ஈஸ்ட்டை ஒரு கோப்பைத் தீவனத்துக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் கலந்து கொடுத்தேன். ரொட்டி மாவுக்குப் போடும் உயிருள்ள ஈஸ்ட்டை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. இரண்டாவது குஞ்சு சில நாட்களில் எழுந்து நடந்தது. முதலாவதற்கு மூட்டு நழுவிப்போயிருந்ததால் அது மீளவில்லை. தாமதமானால் திருத்த முடியாத குறை இது. ஆகவே நோய் வரட்டும் என்று காத்திராமல், முதல் நாளிலிருந்தே ஈஸ்ட்டைக் கலந்துவிடுவது நல்லது.

மூட்டையில் இன்னும் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். நம் புழுக்கத்தில் மக்காச்சோளத்தில் பூசணம் சுலபமாகப் பிடிக்கும். அதில் உண்டாகும் அஃப்ளடாக்சின் நஞ்சைத் தாங்கும் சக்தி வாத்துக்குஞ்சுக்கு மிகக் குறைவு. வாடை வந்த மூட்டையை விலை பார்க்காமல் தள்ளிவிடுங்கள். அடுத்தது, முட்டைக்கோழித் தீவனம். அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம். வளரும் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சேர்த்து வளர்க்கத் தொடங்கிய பின் பழையவற்றின் தட்டில் குஞ்சும் வாய் வைக்கும் என்பதால், நான் எல்லாவற்றுக்கும் வளர்பருவத் தீவனத்தையே போட்டு, முட்டையிடும் பெட்டைகளுக்கென்று கெராங் சிப்பி ஓட்டை வேகவைத்துக் காயவைத்து இடித்துத் தனிக் கிண்ணத்தில் வைக்கிறேன். தேவைப்படுவது மட்டும் அதைக் கொத்திக்கொள்கிறது.

ஐந்தாவது வாரம், திண்ணை போதாமல், குஞ்சுகளைக் கொல்லையில் கம்பிவலை அடைப்புக்கு மாற்றினேன். கோழி வலை என்று விற்கும் அறுகோணக் கண் வலை கோழியை உள்ளே வைத்திருக்க உதவுமே தவிர, எலியையும் பாம்பையும் வெளியே நிறுத்தாது. அரை அங்குலக் கண்ணுள்ள பற்றவைத்த வலையை வாங்க வேண்டும். கூலி இல்லாமலே எனக்கு 180 ரிங்கிட் ஆயிற்று. செம்பனைக் காட்டை ஒட்டிய வீடுகளுக்கு மலைப்பாம்பு அன்னிய விருந்தாளி அன்று. கண்டால் பொம்பா எனப்படும் தீயணைப்புத் துறையையோ பொதுத் தற்காப்புப் படையையோ அழையுங்கள். அவர்கள் பிடித்துக்கொண்டு போவார்கள்.

அந்த அடைப்பு பழைய வாத்துகள் திரியும் இடத்துக்கு நடுவிலேயே, ஒரே வலை இடைவெளியில் இருந்தது. பார்க்கலாம், கேட்கலாம், தொட முடியாது. இப்படி இரண்டு வாரமாவது வைத்திருந்துவிட்டு, இறகு முழுதாக முளைக்கும் ஏழு எட்டு வாரத்துக்குப் பிறகு சேர்ப்பது என்பது என் திட்டம். வானம் வேறு திட்டம் வைத்திருந்தது. நவம்பர் மழையில் தோட்டத்து வடிகால் நிரம்பி, தாழ்வான கொல்லைக்குள் தண்ணீர் ஏறியபோது இரவு மணி பத்து. உயரமாக இருந்தது பழைய வாத்துகளின் கூண்டு ஒன்றுதான். திண்ணையிலும் தண்ணீர்; வீட்டுக்குள்ளோ மின்சாரம் இல்லை. கூண்டின் நடுவில் ஒரு பலகையைத் தடுப்பாக நிறுத்தி, குஞ்சுகளை ஒரு பக்கம் விட்டேன். விடியும்போது பலகை விழுந்து கிடந்தது. ஒரு குஞ்சு செத்திருந்தது. இன்னொன்றுக்குப் பிடரியில் தோல் உரிந்திருந்தது. ஆண் வாத்து கொத்துவதோடு நிற்பதில்லை. பிடரியைக் கவ்விக்கொண்டு மேலே ஏறி அழுத்துகிறது. சம உடம்புள்ள பெட்டைக்கு அது தாங்கக்கூடியது. இன்னும் வளராத குஞ்சுக்கு அது மரணம். தண்ணீரில் நடந்தால் அமிழ்த்தியே கொன்றுவிடும்.

காயம்பட்டதை இரண்டு நாள் கவனித்து, சரியாகிறது என்று நினைத்திருந்தேன். மூன்றாம் நாள் இறகை ஒதுக்கிப் பார்த்தபோது புண்ணுக்குள் அரிசிமணி அளவில் புழுக்கள் நெளிந்தன. என் கை நடுங்கியதை இன்னும் மறக்க முடியவில்லை. நம் சூட்டில் ஈ முட்டையிட்டுப் புழு வெளிவர ஒரு நாளே போதும். உப்புத் தண்ணீரால் கழுவிக் கழுவி, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, பிறகு தெலுக் இந்தான் நகருக்குக் கொண்டுபோய் கால்நடை மருத்துவரிடம் காட்டி மருந்து வாங்கினேன். அது பிழைத்தது. திறந்த காயமுள்ள வாத்தை ஈ புகாத இடத்தில், கொசுவலைக்குள்ளாவது வையுங்கள். நாளுக்கு இருமுறை இறகை ஒதுக்கிப் பாருங்கள்.

பிறகுதான் நான் உட்கார்ந்து கவனிக்கத் தொடங்கினேன். மாலையில் தேநீர்க் குவளையோடு கொல்லைப் படியில் உட்கார்ந்து பார்த்ததில், சண்டையைத் தொடங்குவது ஆண் வாத்து அன்று என்பது புரிந்தது. மூத்த பெட்டை ஒன்று வலைக்கு அருகே வந்து, குஞ்சுகளை நோக்கித் தலையைத் தோளுக்குப் பின்னால் திருப்பித் திருப்பி, தாழ்ந்த குரலில் விடாமல் ஏதோ சொல்லும். அடுத்த கணம் ஆண் வாத்து கழுத்தைத் தரையோடு நீட்டிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடும். பெட்டை ஏவுகிறது, ஆண் பாய்கிறது. வாத்துக் குலத்தின் இயல்பு இது. மாமியார் கண்ணசைவில் வேலை செய்யும் மகனைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. இதைக் கண்ட பின் வழியும் தெரிந்துவிட்டது: ஆண் வாத்தைத் தனி அடைப்புக்கு மாற்றினேன். ஏவுவதற்கு ஆளில்லாமல் போனதும் பெட்டைகளின் ஆர்ப்பாட்டம் சில நாட்களிலேயே அடங்கியது.

குஞ்சுகள் ஒன்பது வாரத்தைத் தாண்டி, பெட்டைகளின் உயரத்தை ஏறக்குறைய எட்டிய பிறகு வலையைத் திறந்தேன். அதற்கு முன் நான் எதிர்பார்த்த அடையாளம் ஒன்றுதான்: பழையவை வலையோரம் படுத்து, குஞ்சுகளைப் பொருட்படுத்தாமல் கண்ணை மூட வேண்டும். திறந்தது கூண்டுக்குள் அன்று, கொல்லையின் திறந்தவெளியில். எல்லா வாத்துக்கும் பசியிருக்கும் சாயங்காலத் தீவன நேரத்தில். ஒரே தட்டை வைத்தால் அதைச் சுற்றியே போர் நடக்கும் என்பதால், கூட்டத்துக்குத் தேவையானதைவிட அதிகமான தட்டுகளை எட்ட எட்ட வைத்தேன். சுவரில் சாய்த்து வைத்த தகரத் துண்டுகள் ஒளிவதற்கு நல்ல இடம். ஆனால் இருபுறமும் வழி இருக்க வேண்டும், ஒருபுறம் அடைத்திருந்தால் அதுவே பொறியாகிவிடும். குஞ்சுகளை எப்போதும் கூட்டமாகவே விடுங்கள். ஒன்றை மட்டும் விட்டால் எல்லாரும் அதன்மேல்தான் பாய்வார்கள்.

முதல் சில நாட்கள் மார்பால் இடிப்பதும், துரத்துவதும், இறகில் ஒரு பிடுங்கலும் இருக்கும். அதில் தலையிட வேண்டாம். யார் மூத்தவர் என்று அவை முடிவு செய்துகொள்கின்றன. இரத்தம் தெரிந்தாலோ, ஒன்றைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தாலோ, தீவனத்தருகே ஒரு குஞ்சு வரவே அஞ்சினாலோ அன்றைக்கு வலையை மூடிவிடுங்கள். இரவில் சேர்த்து அடைப்பது கடைசிப் படி. பகல் முழுதும் அமைதியாகக் கழிந்த பல நாட்களுக்குப் பிறகே அதைச் செய்தேன். நீந்தும் தொட்டியும் அதுவரை ஆழமில்லாததாகவே இருந்தது. இளையவை உடம்பில் பழைய பெட்டைகளுக்குச் சமமான பின்னரே ஆண் வாத்து திரும்பி வந்தது. வந்த அன்று ஓரிரு ஓட்டம் ஓடியது. ஏவுவதற்கு அப்போது யாரும் முன்வரவில்லை.

குஞ்சு வாங்குபவர்கள் பாதி ஆணாக இருக்கும் என்று கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏழு எட்டு வாரத்தில் பெட்டைக்குக் குரல் உரத்து வெடிக்கும். ஆணுக்குக் கரகரத்துக் கம்மும். வாலில் சுருண்ட இறகு அதற்குப் பிறகுதான் வரும். எனக்கு மிஞ்சிய எட்டில் ஐந்து ஆண். ஓர் ஆணுக்கு நாலைந்து பெட்டையாவது இல்லாவிட்டால் பெட்டைகளின் பிடரி இறகே மிஞ்சாது என்பதால், பருவம் வருவதற்கு முன்பே நான்கை விற்றுவிட்டேன். ஒன்று 25 ரிங்கிட் கிடைத்தது. ஐந்தாவதைக் கணவர் விற்கவிடவில்லை. அது இப்போது பழைய குஞ்சு அடைப்பில் தனியாக இருந்துகொண்டு, தனித் தட்டில் தின்று, என் தீவனச் செலவைக் கூட்டிக்கொண்டிருக்கிறது.